சென்னியப்பன் சாயப்பட்டறைக்கு நீ போகுமுன்

கண்ணு, இதை நின்றுகொண்டே பிரித்துப் படித்துவிட்டு மேசையில் போட்டுவிடாதே. சாப்பிட்டுக் கை கழுவி, உட்கார்ந்து படி. வீட்டில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நடுவில் "சரிம்மா, விடும்மா" என்பாய். அந்த இரண்டு சொல்லையும் கேட்கிற பொறுமை இந்த விஷயத்தில் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டு, மண்ணரையில் ஒரு பெரிய சாயப்பட்டறையில் எட்டு மெஷினுக்கும் சென்சார் மாட்டி, சூட்டைத் தாளில் எழுதும் கருவி வைத்து, எல்லாவற்றையும் ஆபீஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் வயர் இழுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்றாய். சொந்தமாகத் தொழில் ஆரம்பித்த பிறகு உனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்காமல் இல்லை. முதலாளி பேரென்ன என்று கேட்டேன். சென்னியப்பன் என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் வீட்டாரோடு நாம் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டபோதெல்லாம் சுவர்த் தகராறு என்று சொல்லி வைத்தோம், அதனால்தான் நீ அவர் வேலையை ஒப்புக்கொண்டாய். சுவரில் ஒரு தகராறும் இல்லை. எண்பத்திரண்டில், உனக்கு எட்டு வயது இருக்கும்போது, நம் வீட்டின் பின்பக்கம் இரண்டு நிட்டிங் மெஷின் ஓடியது உனக்கு லேசாக நினைவிருக்கலாம். அப்பாவும் நாலு ஆட்களும் பனியன் போட்டார்கள். அப்போது போன் கேட்டு எழுதிப் போட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போன் இல்லாத கம்பெனிக்காரர்கள் பக்கத்து வீட்டு நம்பரைத் தங்கள் லெட்டர் பேடில் அச்சடித்து, அதை ஒட்டி பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். கூப்பிடுகிறவர் இன்னார் வேண்டும் என்று கேட்டால், போன் உள்ள வீட்டார் சுவருக்கு மேலே சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். திருப்பூரில் பாதித் தொழில் அப்படித்தான் நடந்தது. சென்னியப்பன் அப்போது நம்மைவிடக் கொஞ்சம் பெரிய கம்பெனி. "நம்ம நம்பரையே போட்டுக்குங்க மாப்ளே, இதுலென்ன இருக்குது" என்று அவரேதான் உன் அப்பாவிடம் சொன்னார். அந்த லெட்டர் பேடை அச்சகத்தில் நின்று பிழை பார்த்து வாங்கி வந்தவள் நான். நம் தொழிலின் காதை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். என் முதல் தப்பு அது.

அந்த வருஷம் மெட்ராஸ் ஏஜெண்ட் ஒருவருக்கு வெள்ளைப் பனியன் சாம்பிள் அனுப்பியிருந்தோம். கழுத்துப் பட்டையில் இரட்டைத் தையல் போட்டால் துவைத்தாலும் இளகாது என்று நான் சொல்லி, அப்பா அப்படியே செய்திருந்தார். பதிலுக்குக் காத்திருந்தோம். தினமும் அப்பா சுவரோரம் போய் நிற்பார். "ஏனுங்க, போனு ஏதாச்சும் வந்துச்சுங்களா?" "இல்லீங் மாப்ளே. வந்தாச் சொல்ல மாட்டனுங்களா?" ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் பகலில் பக்கத்து வீட்டு வாசலில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி பிரிந்து பனியன் கீழே விழ, அப்பா குனிந்து எடுத்துக் கொடுக்கப் போனார். கழுத்தில் இரட்டைத் தையல். சரக்கைப் பார்வையிட வந்திருந்த அந்த மெட்ராஸ் ஏஜெண்ட் அப்பாவைப் பார்த்ததும், "என்ன சார், யூனிட்டையே மூடிட்டீங்கன்னு சொன்னாங்க? மூணு தடவை டிரங்க் கால் போட்டேனே!" என்றார். சென்னியப்பன் பக்கத்திலேயே நின்றார். முகம் மாறவில்லை. "வெயில்ல நிக்காதீங்க சார், உள்ள வாங்க, மோர் குடிக்கலாம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இரண்டு மெஷினையும் லாரியில் ஏற்றி அனுப்பினோம். அப்பா வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார், மற்றவன் தைத்த பனியனில் ஓட்டை தேடுகிற வேலை. ஒரு நாளும் அவர் சென்னியப்பனைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அதுவும் சேர்ந்துதான் எனக்கு எரிந்தது. உங்களையெல்லாம் கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் தனியாக ஆனைமலை போனேன். மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசினேன். கை இரண்டு நாள் எரிந்தது. அவர் வாயாலேயே அவர் கெடவேண்டும் என்று கேட்டேன். கேட்டது நடந்தால் திரும்பப் போய் அம்மனுக்கு எண்ணெய் சாத்திக் குளிர வைக்க வேண்டும். பதினேழு வருஷமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஊரில் யாருக்கும் கெடுதல் நினைக்காத பக்தி உள்ளவள் என்று என்னைச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள்தான். விளக்குப் போடும்போது என்ன கேட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீ பி.காம். படிக்கிறேன் என்றாய். நான்தான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து உன்னை இந்தக் கருவிப் படிப்பில் சேர்த்தேன். உனக்கு நல்ல எதிர்காலம் என்று சொன்னேன். மனசுக்குள் இருந்தது வேறு. செய்தி ஓடும் பாதை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி என்று எனக்குப் புரிந்திருந்தது. அந்தப் பாதை என் மகன் கையில் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். உன் ஆசையைக் கேட்காமல் என் பகைக்கு உன்னைப் படிக்க வைத்தேன். இப்போது அந்தப் படிப்பு உனக்குப் பிடித்துவிட்டது என்கிறாய். அது உன் நல்ல குணம். நான் செய்ததற்கு அது சமாதானம் ஆகாது.

எழுதிப் போட்டு ஏழாம் வருஷம் நமக்குப் போன் வந்தது. நான் அதற்குப் பொட்டு வைத்தேன் என்று நீ சிரித்தாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், டைரக்டரியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எஸ்.டி.டி. நம்பர்களைச் சுவரில் எழுதினேன். தெருவில் போன் இல்லாத எல்லோரும் நம் நம்பரைத் தங்கள் பி.பி. ஆக்கிக்கொண்டார்கள். வரும் ஒவ்வொரு செய்தியையும், யார், எத்தனை மணி, என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, உடனே போய்ச் சொன்னேன். மூலனூரில் உன் பெரியம்மா வீட்டுக்காரர் காலையில் கூப்பிடுவார். இங்கே சந்தையில் முருங்கைக்காய் என்ன விலை என்று நான் சொன்ன பிறகுதான் லாரியை எந்த ஊருக்கு விடுவது என்று முடிவு செய்வார். அதற்கு முன்னால் காய் வாடி இறங்கும், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார். சோமனூரில் உன் மாமன் புதிதாக வாங்கிய தறிகளில் நூல் அறுந்தால் ஒரு சின்னத் தகடு விழுந்து தறி தானாக நின்றுவிடும். "முன்னல்லாம் அரைமுழம் ஓட்டையா ஓடினதுக்கப்புறந்தான் தெரியுமக்கா. இப்ப நூல் போன அடுத்த நிமிசமே எனக்குத் தெரியுது" என்றான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. கெட்டுப்போன பிறகு தெரிவதற்கும் கெடுமுன் தெரிவதற்கும் நடுவில்தான் ஒரு தொழில் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. அந்த நோட்டில் ஒரு செய்தியைக்கூட நான் சொல்லாமல் விட்டதில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், நீ ஹாஸ்டலில் இருந்தபோது, ரோடு தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டிலும் மண்ணரையில் அவருடைய சாயப்பட்டறையிலும் போன் வேலை செய்யவில்லை. எப்படியோ நம் லைன் மட்டும் பிழைத்தது. சென்னியப்பன் சம்சாரம் சரசு, பன்னிரண்டு வருஷம் கழித்துச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "ஏனுங் அக்கா, நம்ம போனு நாலு நாளாச் செத்துக் கெடக்குதுங்க. அவங்க உங்க நம்பரத்தான் குடுத்திருக்கறாங்களாமா. ஏதாச்சும் வந்துச்சுன்னா ஒரு சத்தம் போடுங்க." என்னிடம் கேட்காமலே நம் நம்பரைக் கொடுத்திருக்கிறார். "ஆகட்டுங்க" என்றேன். மறுநாள் காலை பத்தே காலுக்கு அவருடைய வெளிநாட்டு வியாபாரியின் மெட்ராஸ் ஆபீசிலிருந்து ஒரு பெண் பேசினாள். "மேடம், நேவி புளூவை நிறுத்தச் சொல்லுங்க. ஷேடு மாறிடுச்சு. புது கலர் அட்டை கூரியர்ல வருது. அது வர்ற வரைக்கும் மெஷின்ல துணி ஏத்தவே கூடாது. எழுதிக்கிட்டீங்களா? ஒருதரம் படிச்சுக் காட்டுங்க." படித்துக் காட்டினேன். "கரெக்ட் மேடம்" என்றாள்.

போனை வைத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சரசு ஈரத்துணியை உதறிக் காயப்போடும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் போய்ச் சின்ன வெங்காயம் உரித்தேன். மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல வழியில்லை, ஏனென்றால் சாயங்காலம் அவள் கேட்டாள். "போனு ஏதாச்சும் வந்துச்சுங்களா அக்கா?" "இல்லீங்க. வந்தாச் சொல்ல மாட்டனுங்களா?" என்றேன். அதே சொல். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சொல்லை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அன்று கிருத்திகை விரதம். பசியே தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன் கண்ணு, அது எனக்கு இனித்தது.

துணி முழுக்கப் பழைய ஷேடில் சாயம் ஏறிவிட்டது. சரக்கு நின்றது. அந்த மெட்ராஸ் பெண், இந்த நம்பரில் ஒரு அம்மா எழுதிப் படித்தே காட்டினார்கள் என்று சொல்லியிருப்பாள். ஆகவே சென்னியப்பனுக்குத் தெரியும். ஆனால் ஒருவரிடமும் என் பேரைச் சொல்லவில்லை. சொன்னால், அந்தம்மா ஏன் சொல்லாமல் விட்டாள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் எண்பத்திரண்டில் இருக்கிறது. அதனால் அவர் சாய மாஸ்டர் தலையில் போட்டார். இப்ராகிம் பாய் சூட்டைத் தவறவிட்டார், அதனால்தான் ஷேடு போயிற்று என்று சொல்லி அவரை வேலையை விட்டு அனுப்பினார். சூடு தவறவிட்டவர் என்று பேர் வந்துவிட்டால் இந்த ஊரில் எந்தச் சாயப்பட்டறையும் சேர்க்காது. இருபது வருஷம் மாஸ்டராக இருந்தவர் இப்போது பனியன் வேஸ்ட் குடோனில் கட்டிங் துணியைக் கலர் கலராகப் பிரிக்கிறார். நான் இதைக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டும் ஐந்து வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவருக்குக் கெட்ட காலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சென்னியப்பன் செய்ததில் பாதிக்காவது ஒரு காரணம் இருந்தது, ஆசை. நான் செய்தது எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனுஷருக்கு.

நீ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேரைச் சொன்ன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலையில் இப்ராகிம் பாய் வீட்டைத் தேடிப் போனேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, என்ன இத்தன தூரம்? தம்பி கோயமுத்தூர்ல நல்லா இருக்காங்களா?" என்றார். அவர் சம்சாரம் டீ போட உள்ளே போனாள். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அப்ப கலர் அட்டையே மாறிப்போச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு சொன்னார்.

"அன்னிக்கு மொதலாளி அட்டையக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேராப் புடிச்சாருங்க. 'பாருய்யா, அட்டையையும் பாரு, உன்ற கலரையும் பாரு'ன்னாரு. பாத்தேன். மாறித்தான் இருந்துச்சு. பழைய அட்டைய மொத நாளே வாங்கி உள்ள வெச்சுக்கிட்டாரு. எனக்கு அது வேற அட்டைன்னு தெரியாதுங்களே. எங்கையோ சூடு தப்பிருச்சாட்ட இருக்குதுன்னு நானே ஒத்துக்கிட்டனுங்க."

சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு வருசமா, குளிக்கத் தண்ணி ஊத்தறப்பக்கூட வெரலை வெச்சுப் பாக்கறனுங்கம்மா, எங்கையி பொய் சொல்லுதான்னு." அவர் சம்சாரம் டீயோடு கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டம்ளரை வைக்காமல் திரும்ப உள்ளே கொண்டுபோய்விட்டாள். எனக்கு அது தப்பாகப் படவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கப் போனவள். திரும்பி வரும்போது முன்னைவிடப் பகை அதிகமாகத்தான் வந்தேன். செய்தி வராமல் போனது என் குற்றம். அட்டையை மாற்றிக் காட்டி ஒரு மனுஷனைத் தன் கையையே நம்பாமல் செய்தது அவர் குற்றம். இதை நான் விடமாட்டேன். அன்றைக்கு அந்த மெஷினில், நீ இப்போது மாட்டப் போகிறாயே அந்தச் சென்சார், ஒன்று இருந்திருந்தால் போதும். தண்ணீருக்குள் நிற்கும் அந்தக் கம்பிக்கு யார் மேலும் வன்மம் கிடையாது. முதலாளிக்கு ஒன்று, கூலிக்காரனுக்கு ஒன்று என்று மாற்றிச் சொல்லத் தெரியாது. பேனா நகர்ந்து போட்ட கோட்டைக் காட்டி, சூடு சரியாகத்தான் இருந்தது என்று இப்ராகிம் பாய் தலை நிமிர்ந்து நின்றிருப்பார். வெளிநாட்டு வியாபாரி ஏன் இப்போது ஒவ்வொரு லாட்டுத் துணிக்கும் சூட்டுக் கோடு கேட்கிறான் என்று நீ சொன்னாய் அல்லவா, ஷேடு ஒரே மாதிரி வரும், தண்ணீரும் சாயமும் வீணாகாது, தப்பு எங்கே என்று அன்றே தெரியும் என்று. அதெல்லாம் சரி. எனக்கு அது முதலில் ஏழைக்குச் சாட்சி.

ஆகவே உன் தொழிலுக்கு என் புத்தி ஒன்று சொல்கிறேன். எங்கே வயர் இழுத்தாலும், நடுவில் ஒரு மனுஷர் மனசு வைத்தால்தான் செய்தி போகும் என்கிற மாதிரி விடாதே. அந்த மனுஷர் உன் அம்மாவாக இருந்தாலும் விடாதே. என்னைவிடப் பொறுப்பாகச் செய்தி எழுதுகிறவள் இந்தத் தெருவில் இல்லை, நானே ஒரு நாள் அடைத்தேன். இன்னொன்று, சூட்டைக் காட்டும் கருவியை முதலாளி ரூமில் மட்டும் வைக்காதே. மெஷினுக்குப் பக்கத்தில், மாஸ்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒன்று வை. அந்தத் தாளில் ஒரு பிரதி மாஸ்டர் கையில் இருக்கவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள். கம்ப்யூட்டருக்குப் போன செய்தியை உள்ளே உட்கார்ந்து யாரும் அழித்துவிட முடியுமா என்று உன்னைக் கேட்டபோது, "முடியும்மா" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

இனி நான் முடிவு செய்ததைச் சொல்கிறேன். நீ அந்த வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத மனசு மாறிவிட்டது. போ. வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே பூஜை போட்டு வேலை ஆரம்பம் என்றாய். வேலை செய்கிற அத்தனை பேரும் நிற்பார்கள், வியாபாரி ஆபீசிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்றாய். நானும் வருவேன். இப்ராகிம் பாயும் வருவார், எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி போய்க் கேட்டு வந்தேன். "நான் பேச மாட்டனுங்கம்மா, நிக்கறேன்" என்றிருக்கிறார். கற்பூரம் அணைகிறவரைக்கும் காத்திருப்பேன், சாமிக்கு முன்னால் குறுக்கே பேச மாட்டேன். அதற்குப் பிறகு, அன்றைக்குச் செய்தியை அடைத்தவள் நான்தான், இந்த மாஸ்டர் மேல் தப்பில்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வேன். ஏன் அடைத்தாய் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். பழைய அட்டை எங்கே என்றும் அவரைக் கேட்பேன்.

உன் வேலை இதனால் போகலாம். தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் சூட்டுக் கோடு வராவிட்டால் அவருடைய வியாபாரி போய்விடுவான் என்று நீயே சொன்னாய். அதனால் உன்னை வெளியே போ என்று சொல்வதற்கு முன் அவர் நன்றாக யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனையை அவர் முகத்தில் நான் பார்க்க வேண்டும். எனக்கு அவர் மன்னிப்பு வேண்டாம். நானும் கொடுக்கப் போவதில்லை. நான் என்ன எழுதுகிறேன் என்று அப்பாவுக்குத் தெரியும். "ஏம்புள்ள, உன்ற பேருமல்லோ சேந்து போயிரும்" என்றார். போகட்டுங்க என்றேன். அவர் என் கண்ணாடியைத் துடைத்து எடுத்து வந்து கொடுத்தார்.

புதன்கிழமை ராத்திரியே நீ வந்துவிட்டால் வியாழக்கிழமை மூவரும் சேர்ந்து போகலாம். வராவிட்டால் உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்பது மணிக்கு இப்ராகிம் பாய் நம் தெருமுனையில் நிற்பார். மண்ணரைக்கு இரண்டு டிக்கெட் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உன் அம்மா